லைப்சிக் நகரின் கிழமைகள்: ஒரு தன்னார்வலரின் காலைப்பணி வாரம்

ஜெர்மனியில் 2011-ஆம் ஆண்டு கட்டாய இராணுவச் சேவை நிறுத்திவைக்கப்பட்டபோது, அதற்கு மாற்றாக இளைஞர்கள் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் செய்துவந்த குடிமைப் பணியும் முடிவுக்கு வந்தது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக அதே ஆண்டு ஜூலையில் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டவரும் சேரக்கூடிய இந்தத் திட்டத்தின் வழியாகத்தான் நான் சாக்சனி மாநிலத்தின் லைப்சிக் நகருக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சித் தன்னார்வலராகச் சேர்ந்தேன். இதில் ஊதியம் என்று எதுவும் இல்லை. கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையும் காப்பீடும் உண்டு, என்னைப் போன்றவர்களுக்குத் தங்குமிடமும் தருகிறார்கள். காலை உணவு பரிமாறுவது, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவருவது, கண் மங்கியவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது ஆகியவை என் அன்றாட வேலைகள்.

இல்லத்தில் ஒரு வாரம் காலைப்பணி என்றால் அடுத்த வாரம் பிற்பகல் பணி. காலை ஆறரைக்குத் தொடங்கும் பணி இரண்டரைக்கு முடிந்துவிடும் என்பதால், செப்டம்பரில் எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரு காலைப்பணி வாரத்தின் மாலைகளை நகரைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்தேன். கொலம்பியா, ஜார்ஜியா, மடகாஸ்கர் ஆகிய நாடுகளிலிருந்து வந்திருந்த மூன்று தன்னார்வத் தோழர்களும் சேர்ந்துகொண்டார்கள். செப்டம்பரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கோடை விடுமுறை முடிந்து இசையரங்குகளும் பாடகர் குழுக்களும் மீண்டும் இயங்கத் தொடங்கும் மாதம் அது. மாலை ஏழு மணி வரை வெளிச்சமும் இருக்கும்.

புதிய ஊருக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு அதை நாள்களுக்குப் பங்கிடுவார்கள். அப்படிப் போட்ட எங்கள் முதல் திட்டத்தை இல்லத்தில் வசிக்கும் ஓர் அம்மையாரிடம் காட்டினேன். எண்பது வயதைக் கடந்த அவர் ஓய்வுபெற்ற செவிலியர். வாழ்நாள் முழுவதையும் இந்நகரிலேயே கழித்தவர். காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "திங்கட்கிழமை அருங்காட்சியகம் எதுவும் திறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறந்திருக்காது. முதலில் எந்தக் கிழமையில் இந்த ஊரார் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள்" என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் சொற்படியே நடந்தோம். கையில் பணம் குறைவாக உள்ள தன்னார்வலருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். சுற்றுலாப் பயணிக்கென்று அமைக்கப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டும். ஊரார் தங்களுக்கென்று வாரந்தோறும் நடத்திக்கொள்பவை பெரும்பாலும் இலவசமாகவோ சில யூரோக்களுக்கோ கிடைக்கின்றன.

திங்கட்கிழமைக்கு அவர் சொன்ன இடம் புனித நிக்கோலாய் தேவாலயம், நேரம் மாலை ஐந்து. 1982 முதல் அங்கே திங்கட்கிழமைதோறும் அமைதிக்கான இறைவேண்டல் நடந்துவருகிறது. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்த காலத்தில், வெளியே பேச முடியாதவற்றைப் பேச மக்கள் கூடிய இடமாக அது மாறியது. வேண்டல் முடிந்து வெளியே வருகிறவர்கள் ஊர்வலமாக நடக்கத் தொடங்கினார்கள். 1989 அக்டோபர் 9-ஆம் நாள் எழுபதாயிரம் பேருக்குக் குறையாமல் நகரின் வட்டச் சாலையில் நடந்தபோது, துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று பலரும் அஞ்சிய நிலையில், ஒரு குண்டும் சுடப்படவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது. அந்த அக்டோபர் 9 அன்று தாம் பணியிலிருந்த மருத்துவமனையில் கூடுதல் படுக்கைகளைத் தயாராக வைக்கச் சொல்லியிருந்ததாகவும், அவை எதற்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்றும் அம்மையார் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டுப் போனதால், அந்த ஆலயத்தை ஓர் அழகிய கட்டடமாக மட்டும் எங்களால் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் அது அழகிய கட்டடம்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளே திருத்தியமைத்தபோது, தூண்களின் உச்சியை விரிந்த பனையோலைகளாக வடித்திருக்கிறார்கள். வெளிர்பச்சை ஓலைகள் கூரையைத் தாங்கி நிற்பதைப் பார்த்துத் தென் தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பனை வளராத ஊரில் பனையை இத்தனை கவனமாகச் செதுக்கியிருக்கிறார்கள்! அப்படிப்பட்ட தூண் ஒன்றை ஆலயத்துக்கு வெளியே சதுக்கத்திலும் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். வேண்டலுக்கு வந்திருந்தவர்கள் அதிகமில்லை. எங்கள் நால்வரில் இருவர் கிறித்தவர் அல்லர் என்றாலும் யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. பாடும்போது எழுந்து நின்றோம், மற்ற நேரம் அமைதியாக அமர்ந்திருந்தோம், அது போதுமானதாக இருந்தது. இத்தகைய இடங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பின்வரிசையில் அமர்வது நல்லது. முன்னால் இருப்பவர்கள் எப்போது எழுகிறார்கள், எப்போது அமர்கிறார்கள் என்பதைப் பார்த்தே நடந்துகொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை சமகால வரலாற்று அரங்கம் என்ற அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1999-இல் திறக்கப்பட்ட இதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் நாற்பதாண்டு வாழ்க்கையையும் அதன் முடிவையும் சாதாரணப் பொருள்களைக் கொண்டே சொல்கிறார்கள்: கடைச் சாமான்கள், சுவரொட்டிகள், கண்காணிப்புக் கருவிகள். மொழி பாதி புரிகிற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை உண்டு. எல்லாப் பலகைகளையும் படிக்க முயலாமல், ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் பலகையை மட்டும் அகராதியோடு முழுமையாகப் படித்துவிட்டு, வெளியே வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டோம். அந்த வாரம் நான் கற்ற ஜெர்மன் சொற்களில் மனத்தில் நின்றவை பெரும்பாலும் இப்படிப் படித்தவைதான். நான் எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றி மறுநாள் காலை உணவு மேசையில் சொன்னபோது, அதுவரை என்னிடம் வணக்கம் தவிர வேறெதுவும் பேசாத ஒரு முதியவர் தம் வீட்டில் அதே மாதிரி வானொலி இருந்ததாகச் சொல்லத் தொடங்கி, பரிமாறி முடியும் வரை நிறுத்தவில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கோட்ஷெட் தெருவின் முனையில், இன்னோர் இடம் இருக்கிறது. 1855-இல் கட்டப்பட்ட பெரிய யூதத் தொழுகைக்கூடம் அங்கே இருந்தது. யூதர்களுக்கு எதிராக 1938 நவம்பரில் நடந்த வன்முறையின்போது நாஜிகள் அதை எரித்தார்கள். அந்த மனையில் இப்போது வெண்கலத்தால் ஆன 140 நாற்காலிகள் வரிசையாக, ஆள் இல்லாமல் நிற்கின்றன. வேலி இல்லை, வாயில் இல்லை, கட்டணமும் இல்லை. இத்தகைய நினைவிடங்களில் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி எங்களுக்குள் ஒரு சிறு விவாதமே நடந்தது. நாற்காலியில் அமரலாமா, படம் எடுக்கலாமா, சாப்பிடலாமா என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருந்தது. அமரக் கூடாது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை, நாங்கள் அமரவில்லை. நம்மை நாமே முன்னிறுத்திப் படம் எடுப்பதை மட்டுமாவது இங்கே தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. நகரின் நடைபாதைகளில் ஆங்காங்கே பதிக்கப்பட்டிருக்கும் சிறிய பித்தளைப் பட்டைகளையும் அன்றிலிருந்துதான் நின்று படிக்கத் தொடங்கினேன். அந்த வீட்டில் வாழ்ந்து, நாஜி ஆட்சியில் துரத்தப்பட்ட அல்லது கொல்லப்பட்ட ஒருவரின் பெயரும் பிறந்த ஆண்டும் ஒவ்வொன்றிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய பணி அது. இன்று ஐரோப்பாவின் பல நாடுகளில் அவற்றைக் காணலாம்.

புதன்கிழமை நுண்கலை அருங்காட்சியகம். 2004-இல் திறக்கப்பட்ட கண்ணாடிக் கனசதுரம் போன்ற கட்டடம் அது. மற்ற நாள்களைவிடப் புதனன்று தாமதமாக மூடுவதால்தான் அந்த நாளை வைத்துக்கொண்டோம். மாக்ஸ் கிளிங்கர் 1902-இல் முடித்த, பல வண்ணக் கற்களால் ஆன பேத்தோவன் சிற்பத்தின் முன் நெடுநேரம் இருந்தோம். மற்ற அறைகளை வேகமாகக் கடந்தோம். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்களால் மாலையில் மூன்று மாடி ஓவியங்களைப் பார்க்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கால்கள்தான் பார்க்கும், கண்கள் பார்க்காது என்று ஜார்ஜியத் தோழர் சொன்னது முற்றிலும் உண்மை. முதுகுப்பையைக் கீழே பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும் என்பதால் ஒரு யூரோ நாணயம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

செலவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர்களுக்கு ஓர் அடையாள அட்டை தருவார்கள். பல அருங்காட்சியகங்களும் அரங்குகளும் அதைக் காட்டினால் மாணவர்களுக்குரிய சலுகைக் கட்டணத்தில் சீட்டுத் தருகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் அறிவிப்புப் பலகையில் அப்படி எழுதியிருக்காது, நாமாகக் கேட்க வேண்டும். போக்குவரத்துக்கு 2023 மே மாதம் அறிமுகமான ஜெர்மனிப் பயணச்சீட்டு உதவுகிறது. தொடக்கத்தில் மாதம் 49 யூரோவாக இருந்து பின்னர் உயர்ந்த அந்த ஒரே சீட்டில் நாடு முழுவதும் டிராம், பேருந்து, உள்ளூர் மற்றும் வட்டார ரயில்களில் போகலாம். விரைவு ரயில்களில் அது செல்லாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உணவைப் பொறுத்தவரை, நாங்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டே போனோம். லைப்சிக்கின் பெயரால் வழங்கும் காய்கறிக் கலவை ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுச் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம், பழைய முறைப்படி செய்தால் அதில் நன்னீர் இறால் வகை சேரும். அதற்கு மாறாக, லைப்சிக் வானம்பாடி என்று பேக்கரிகளில் விற்கும் சிறிய பண்டத்தில் வானம்பாடி கிடையாது. ஒருகாலத்தில் அந்தப் பறவையை வேட்டையாடி விரும்பி உண்டார்கள். 1876-இல் வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகு, பாதாம் பருப்பு விழுதை வைத்துச் சுட்ட பலகாரம் அதன் பெயரை எடுத்துக்கொண்டது. முட்டை சேர்ந்திருக்கும் என்பதைத் தவிர சைவர்களுக்கு அதில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை கெவன்ட்ஹவுஸ் இசையரங்குக்குப் போனோம். லைப்சிக் வணிகர்கள் 1743-இல் தங்கள் செலவில் தொடங்கிய இசைக்குழு இன்றும் இயங்குகிறது. வியாழனும் வெள்ளியும் அதன் பெரிய கச்சேரி நாள்கள். அரங்கின் சீட்டு விற்பனைச் சாளரத்தில் தன்னார்வலர் அட்டையைக் காட்டிக் கேட்டதில் மேல்தளத்தில் சலுகை விலையில் இருக்கைகள் கிடைத்தன. மேலங்கியையும் பையையும் கீழே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கச்சேரி தொடங்கிய பின் கதவு மூடிவிடும். உடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சுத்தமான சாதாரண உடையில் வந்தவர்கள் ஏராளம். நம் சபாக்களில் ஓர் ஆலாபனை முடிந்ததும் கைதட்டுவோம், நல்ல சங்கதிக்கு இடையிலேயே தலையை ஆட்டி 'பேஷ்' என்போம். இங்கே நான்கு பகுதிகள் கொண்ட சிம்பொனியில் முதல் பகுதி முடிந்து, மூச்சுவிடக் கூடக் கூசுகிற அமைதி நிலவியபோது, யாரும் கை தட்டவில்லை. இருமல்கள் மட்டும் கேட்டன. நான்காம் பகுதியும் முடிந்து, நடத்துநர் கைகளைக் கீழே இறக்கிய பிறகே கைதட்டல் எழுந்தது. எது சிறந்த முறை என்று தோழர்கள் என்னைக் கேட்டார்கள். கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தபடி பாடும் கலைக்கு நம் முறை பொருந்தும், எழுதிவைத்ததைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே கட்டடமாக எழுப்பும் கலைக்கு இந்த முறை பொருந்தும் என்று சொன்னேன்.

இந்த அரங்கம் திங்கட்கிழமையோடும் தொடர்புடையது. 1989 அக்டோபர் 9 அன்று மாலை, வன்முறை வேண்டாம், பேச்சுவார்த்தைக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்ற பொருளில் ஆறு பேர் கூட்டாக விடுத்த வேண்டுகோள் நகரின் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. அதை வாசித்த குரல் கெவன்ட்ஹவுஸ் இசைக்குழுவின் அன்றைய தலைவர் குர்ட் மசூருடையது. அதைத் தாம் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் கேட்டதாக அம்மையார் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புனித தோமா ஆலயத்தில் சிறுவர் பாடகர் குழு பாடுகிறது. சென்னைப் பரங்கிமலையோடு நாம் சேர்த்துப் பேசும் அதே தோமையாரின் பெயர்தான். குழுவின் தோற்றத்தை 1212-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறார்கள். யோஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும் வரை இந்தக் குழுவுக்கு இசையாசிரியராக இருந்து, தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய ஞாயிறுதோறும் புதிது புதிதாக இசையமைத்துப் பிள்ளைகளைப் பாட வைத்தார். அவருடைய கல்லறை ஆலயத்தின் பீடத்துக்கு முன் தரையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கும் நடக்கும் இந்தப் பாடல் வழிபாட்டுக்கு, நிகழ்ச்சிநிரல் தாளை வாங்குவதே அனுமதி. சில யூரோக்கள்தான், சில்லறையாக வைத்திருந்தால் வரிசை வேகமாக நகரும். முன்கூட்டியே இடம் பதிவு செய்யும் வழக்கம் இல்லாததால், நாங்கள் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நின்றோம். பள்ளி விடுமுறை வாரங்களில் இந்தக் குழு பாடாது, வேறு குழுக்கள் வந்து பாடும் என்பதால், தோமா ஆலயச் சிறுவர்களையே கேட்க விரும்புகிறவர்கள் சாக்சனி மாநிலப் பள்ளி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு நாளைக் குறிக்க வேண்டும்.

பாடகர்கள் நிற்பது பின்புற மாடத்தில். அமர்ந்திருப்பவர்கள் பீடத்தைப் பார்த்தபடி இருக்க, ஒலி முதுகுப்புறமிருந்து வருகிறது. பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கைதட்டலும் இல்லை. இசை நிகழ்ச்சியாக நினைத்து வந்த கொலம்பியத் தோழிக்கு அது முதலில் ஏமாற்றமாக இருந்தது. வழிபாடாக நினைத்து வந்த எனக்கு இயல்பாகப்பட்டது, கோயிலில் தேவாரம் பாடி முடித்த ஓதுவாருக்கு நாம் கைதட்டுவதில்லை அல்லவா. வெளியே வந்தபோது ஆலயத்தின் அருகே மெண்டல்சோனின் சிலை இருந்தது. கெவன்ட்ஹவுஸ் இசைக்குழுவை 1835 முதல் வழிநடத்தி, மறக்கப்பட்டுவந்த பாக்கின் இசையை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக, முன்பு கெவன்ட்ஹவுஸ் முன் நின்ற அவருடைய சிலையை நாஜிகள் 1936-இல் அகற்றினார்கள். அதன் மறு உருவாக்கம் 2008-இல் இங்கே நிறுவப்பட்டது. செவ்வாயன்று பார்த்த வெற்று நாற்காலிகளையும் வியாழனன்று கேட்ட இசையையும் ஒருங்கே விளக்கும் சிலை அது. இடங்களைப் பட்டியலாகப் பங்கிட்டிருந்தால், இவற்றைத் தொடர்பற்ற மூன்று காட்சிகளாகவே பார்த்திருப்போம்.

சனிக்கிழமை ஒருநாள் மட்டும் நகரை விட்டு வெளியே போனோம். அது நான் தேர்ந்தெடுத்த இடம். லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம் சற்றுக் கூடுதலாகப் பயணித்தால் ஹாலே வந்துவிடும். ஜெர்மனிப் பயணச்சீட்டே போதும். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர், உண்டியலில் விழுந்த நான்கு தாலர், பதினாறு குரோஷன் பணத்தை வைத்துக்கொண்டு 1695-இல் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கி, 1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பள்ளிகள், அச்சகம், மருந்தகம், நூலகம் என்று வளர்ந்து ஒரு சிற்றூராகவே ஆகிவிட்ட ஃபிராங்கே அறநிலைய வளாகம், தமிழ் அச்சு வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்நியமான இடமல்ல. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் தரங்கம்பாடிக்கு அனுப்பிய போதகர் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹாலேயில் படித்தவர். 1706 ஜூலையில் அவர் கரையிறங்கினார். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தன. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே அச்சாகி முடிந்தது. அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது.

அநாதை இல்லத்தின் மேல்மாடத்தில் கலை, இயற்கைப் பொருள்களின் அறை ஒன்றை, பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தபடியே ஓவியம் தீட்டிய அலமாரிகளோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சிப்பிகள், எலும்புகள், வேற்று நாட்டு உடைகள், எழுதுபொருள்கள் ஆகியவற்றுக்கு நடுவே, தரங்கம்பாடிப் பக்கமிருந்து போதகர்கள் அனுப்பியவையும் இருக்கின்றன. ஏழைப் பிள்ளைகள் உலகைக் கண்ணால் கண்டு கற்பதற்காகச் சேர்த்தவை இவை. நம் ஊர்ப் பொருள் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால், 'வியப்புக்குரியது' என்ற வரிசையில் பார்ப்பது எளிய அனுபவமல்ல. பெருமை, கூச்சம், சிறிது கோபம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. மடகாஸ்கர் தோழருக்கு அதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்றாலும், வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி அவை காட்சியில் இல்லை. பார்க்க விரும்புகிறவர்கள் நோக்கத்தைச் சொல்லி முன்னதாகவே எழுதிக் கேட்டு, வார நாளில் போக வேண்டும். எங்களுக்குச் சனிக்கிழமைதான் வாய்த்தது என்பதால் நூலகத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டோம். நாடக மேடையின் பக்கத் திரைகளைப் போல அலமாரிகள் வரிசையாக நடுவை நோக்கி நீண்டிருக்கும் அந்தக் கூடம், 1728-இல் கட்டி முடித்தது.

ரயிலில் திரும்பும்போது தோழர்கள் கேட்ட கேள்வி, சீகன்பால்கு தரங்கம்பாடிக்குக் கற்பிக்கப் போனாரா, கற்றுக்கொள்ளப் போனாரா என்பது. மதம் மாற்றப் போனார் என்பதில் ஐயமில்லை. ஆனால் போன சில மாதங்களிலேயே ஒரு தமிழாசிரியரை மாணவர்களோடு தம் இடத்துக்கு வரவழைத்து, பிள்ளைகளின் நடுவே அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713-இல் விரிவாக ஒரு நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். இங்கிருந்தவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை, 1867-இல் சென்னையில்தான் அது முதன்முதலாக வெளிவந்தது. இதைவிட எனக்குச் சுவையானது கடிதங்கள். 1712 முதல் 1714 வரை போதகர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய 99 பதில்கள், ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாகியிருக்கின்றன. எங்களைக் குறைசொல்கிற நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்ற தொனியில் ஐரோப்பியரின் குடியையும் உணவையும் பழக்கத்தையும் அவர்கள் அவற்றில் விசாரிக்கிறார்கள். பயணத்துக்கு முன்னால் அவற்றில் சிலவற்றை வாசித்துவிட்டுப் போயிருந்ததால், கண்ணாடி அலமாரியின் முன் நின்றபோது, பார்க்கப்பட்டவர்கள் திருப்பிப் பார்த்ததும் என் நினைவில் இருந்தது. இப்படி ஓர் இடத்துக்குப் போகிறவர்கள் அங்கே போவதற்கு முன் ஒரு மணி நேரமாவது வாசித்துவிட்டுப் போவது பயணச்சீட்டைவிட முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமைக்கான காய்கறியையும் பாலையும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மறந்துவிட்டால் தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளே கதி. ஞாயிறு ஓய்வுக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. சுவரில் துளையிடுவது, சத்தமாகப் பாட்டு வைப்பது, காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடுவது ஆகிய எல்லாவற்றையும் அண்டை வீட்டார் கவனிப்பார்கள். அன்று ஊரார் எங்கே போகிறார்கள் என்று அம்மையாரைக் கேட்டதற்கு, தோட்டத்துக்கு என்றார். வேலிகளால் பிரித்த சிறு சிறு மனைகளில் வீட்டோடு தோட்டம் இல்லாத நகரவாசிகள் தோட்டம் வளர்க்கும் வழக்கம் ஜெர்மனி முழுவதும் ஒரு லைப்சிக் மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. மோரிட்ஸ் ஷ்ரேபர் என்ற அந்த மருத்துவர் தோட்டம் எதையும் போடவில்லை; அவர் இறந்த பிறகு, 1864-இல், பள்ளி இயக்குநர் ஒருவர் குழந்தைகள் விளையாடத் திடல் வேண்டும் என்று ஒரு சங்கத்தைத் தொடங்கி அதற்கு அவர் பெயரை வைத்தார். திடலின் ஓரத்தில் ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்காகப் போட்ட பாத்திகளைப் பெற்றோர்கள் மெல்ல மெல்லத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

நாங்கள் போன சங்கத்தில் ஆப்பிள்கள் பழுத்திருந்தன. வேலிக்கு வெளியே நின்று வணக்கம் சொன்னால் பேசுவார்கள், அழைக்காமல் உள்ளே கால்வைக்கக் கூடாது என்று அம்மையார் எச்சரித்திருந்தார். ஒரு தம்பதியர் பேசினார்கள். மனை நானூறு சதுர மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும், குடில் இருபத்துநான்கு சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, நிலத்தில் மூன்றில் ஒரு பங்கிலாவது காயோ கனியோ விளைய வேண்டும், வேலியின் உயரத்துக்கும் கணக்கு உண்டு என்று விதிகளை அவர்கள் சொல்லச் சொல்ல, கொலம்பியத் தோழி இது தோட்டமா அரசு அலுவலகமா என்று ஸ்பானிய மொழியில் முணுமுணுத்தார். ஆனால் அந்தக் கணவர் புடலங்காய் என்ற காயைப் பற்றி என்னிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டு, விதை கிடைத்தால் மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கிளம்பும்போது ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்தார்கள். முதியோர் இல்லத்துக்கு வெளியிலிருந்து உணவுப் பொருள் கொண்டுபோவதற்குத் தனி விதிகள் இருப்பதால் பொறுப்புச் செவிலியரிடம் கேட்டுவிட்டுத்தான் அம்மையாருக்கு இரண்டு கொடுத்தேன். பல்லால் கடிக்க முடியாது என்று சொல்லித் துருவித் தரச் சொன்னார்.

அடுத்த வாரம் எனக்குப் பிற்பகல் பணி. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்குத் திறக்கின்றன, பணி ஒன்றரைக்குத் தொடங்குகிறது என்பதால் அந்த வாரத்துக்கு ஓர் இடம்தான் வைத்துக்கொண்டோம். வட்டச் சாலையில், கிழக்கு ஜெர்மனி இரகசியக் காவல்துறையின் வட்டாரத் தலைமையகமாக இருந்து, 1989 டிசம்பர் 4 அன்று பொதுமக்கள் நுழைந்து கைப்பற்றிய கட்டடம் அது. அதற்கு அம்மையாரையும் சக்கர நாற்காலியில் அழைத்துப்போக முடியுமா என்று இல்லத்தில் கேட்டிருக்கிறேன்.